செசான் வழியில் மட்டக்களப்பு வாவி: 12 நிறப் பெட்டியும் பேப்பரும் பற்றி ஒரு மதிப்புரை

வின்சர் அன்ட் நியூட்டன் கொம்பனியின் கொட்மன் வரிசையில் 12 ஹாவ் பான் (சிறு வர்ணக் கட்டி) கொண்ட சிறிய நீர்வர்ணப் பெட்டி ஒன்று வருகிறது. சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு, பிளாஸ்ரிக் உடல், உள்ளே ஒரு குட்டிப் பிரஷ். மட்டக்களப்பில் வெளியே இருந்து நிலக்காட்சி வரைய நினைப்பவர்கள் இதை வாங்கலாமா? வாங்கலாம். முதற் பெட்டிக்கு இது போதும். ஆனால் கையில் உள்ள காசு முழுவதையும் வர்ணத்தில் போட்டுவிட்டு பாடசாலைச் சித்திரக் கொப்பியில் வரைந்தால், பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படம் தேறாது. எங்கள் ஊர்க் காற்றில் நீர்வர்ணத்தின் விதியைத் தீர்மானிப்பது பேப்பர். வர்ணத்துக்கு ஒரு பங்கு என்றால் பேப்பருக்கு இரண்டு பங்கு ஒதுக்குங்கள்.

எந்தப் பொருளையும் மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். நீர்வர்ண நிலக்காட்சிக்கு பிரெஞ்சு ஓவியர் போல் செசானை விடக் கடுமையான அளவுகோல் கிடையாது. அவருடைய முறை வர்ணத்தின் தெளிவையும் பேப்பரின் தாங்குதிறனையும் ஒரே நேரத்தில் சோதிக்கும். பூசி, காயவிட்டு, அதன்மேல் பூசி, மறுபடியும் காயவிட்டு ஐந்தாறு படலம் போகிற முறை அது. மட்டமான பொருள் மூன்றாவது படலத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

செசான் அந்த முறைக்கு ஒரே நாளில் வந்து சேரவில்லை. 1839இல் தென் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் பிறந்தவர். தகப்பன் வங்கி நடத்தியவர். மகன் சட்டம் படிக்க வேண்டும் என்றார். மகன் அதைப் பாதியில் விட்டு 1861இல் பாரிசுக்குப் போனார். 1860களின் படங்கள் இருண்டவை, கத்தியால் அப்பியது போன்ற தடித்த எண்ணெய் வர்ணம். திருப்பம் 1872இல் வந்தது. பாரிசுக்கு வெளியே பொந்துவாஸ் பக்கம் ஓவியர் கமீய் பிசாரோவோடு சேர்ந்து வெளியில் நின்று வரையத் தொடங்கினார். நிறம் வெளுத்தது, தூரிகைத் தீற்றல் ஒழுங்குக்கு வந்தது. 1874இல் இம்ப்ரெஷனிஸ்ட்டுகளின் முதற் கண்காட்சியில் பங்கெடுத்தார். பாரிசின் உத்தியோகபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் அவரை ஒரே ஒரு தடவைதான், 1882இல், ஏற்றுக்கொண்டது. அம்ப்ரூவாஸ் வொலார் என்ற வியாபாரி 1895இல் பாரிசில் தனிக்கண்காட்சி வைத்தபோது செசானுக்கு 56 வயது.

அவருடைய நீர்வர்ணங்கள் 600க்கும் மேல். ஆரம்பத்தில் அவை எண்ணெய்ப் படங்களின் நிழலில்தான் இருந்தன. கடைசிப் பத்து வருடத்தில் நிலைமை தலைகீழானது. நீர்வர்ணத்தில் வெள்ளைப் பேப்பரைத் தொடாமல் விடும் பழக்கம் எண்ணெய்ப் படங்களுக்குள்ளும் புகுந்தது. அந்தக் கால கன்வஸ்களில் பூசாத வெண்திட்டுகள் அப்படியே நிற்கின்றன. எக்ஸ் பக்கத்துச் சேன்ட்-விக்துவார் மலையை எண்ணெயில் 30 தடவைக்கு மேல் வரைந்தவர், அதையே நீர்வர்ணத்திலும் திரும்பத் திரும்ப எடுத்தார். அலுப்பில்லாமல் ஒரே மலை. குடும்பிமலையை கிரான் பக்கத்து வட்டைகளில் (வயல்வெளிகளில்) இருந்து பார்க்கிற எவருக்கும் அந்தப் பிடிவாதம் விளங்கும்.

முறை என்னவென்று ஓவியர் எமீல் பெர்னார் 1904இல் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியிருக்கிறார். முதலில் நிழலில் ஒரு திட்டு. அது காய்ந்த பின் அதைக் கொஞ்சம் தாண்டி வெளியே நிற்கும்படி இரண்டாவது திட்டு. பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றும் கண்ணாடி போல மெல்லியது. படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நிறத்தையும் உருண்ட வடிவத்தையும் சேர்த்தே கட்டிவிடும். கீழே பென்சில் கோடுகள் அழிக்கப்படாமல் தெரியும். வெளிச்சம் என்பது வெறும் பேப்பர்.

இந்த அளவுகோலோடு பெட்டியைத் திறப்போம்.

கொட்மன் மாணவர் தர வரிசை. பெயருக்குப் பின்னால் ‘ஹியூ’ என்று இருந்தால், விலைகூடிய மூல நிறமிக்குப் பதில் மலிவான மாற்று நிறமி போட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பெட்டியில் லெமன் யெலோ, கட்மியம் யெலோ, கட்மியம் ரெட் பேல், அலிசரின் கிரிம்சன், கோபால்ட் புளூ, விரிடியன் எல்லாமே ஹியூதான். அதனால் மோசம் என்று நினைக்க வேண்டாம். அலிசரினின் விஷயத்தில் மாற்று நிறமிதான் மேல். அசல் அலிசரின் வெயில் பட்டால் வெளிறும் வகை. செசான் பாவித்த மடர், கார்மைன் போன்ற சிவப்புகளும் வெளிச்சத்துக்கு வெளிறிப்போகிறவை. அவருடைய பழைய நீர்வர்ணங்களைக் காட்சிசாலைகள் மங்கிய வெளிச்சத்தில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அல்ட்ராமரின் இந்தப் பெட்டியின் முதுகெலும்பு. பர்ன்ட் சியன்னாவோடு சேர்ந்தால் வாவியின் விடியற்கால சாம்பல் முழுவதும் அந்த இரண்டிலேயே கிடைக்கும். நீலம் கூடினால் தண்ணீரின் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் சேற்றுக்கரை. கோபால்ட் புளூ ஹியூ அல்ட்ராமரினோடு மிக நெருங்கி நிற்பதால் பாதி வீண் இடம். வெளிக்காற்றில் இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டாலும் கண் வித்தியாசம் பிடிக்காது.

விரிடியன் ஹியூ கவனமாகக் கையாள வேண்டிய சாமான். உள்ளே இருப்பது தாலோ பச்சை: குளிர்ச்சி, பலம், பேப்பரைக் கறையாக்கும் குணம் மூன்றும் உண்டு. தனியாகக் கண்டல் மரத்துக்கு அடித்தால் பிளாஸ்ரிக் இலை போல நிற்கும். இரண்டு பங்கு பர்ன்ட் சியன்னாவுக்கு ஒரு பங்கு விரிடியன் என்று கலந்தால் கண்டல் அடிவாரத்தின் அந்தக் கறுத்த, கொஞ்சம் சிவந்த பச்சை வரும். கறையாக்கும் நிறம் பிறகு கழுவினாலும் எழும்பாது. ஆகவே அதை முதல் அல்லது இரண்டாம் படலத்தில் போட்டுவிட வேண்டும். மேல்படலத்தில் போட்டால் திருத்த வழியில்லை. இளவேளாண்மைப் பச்சைக்கு சாப் கிரீனை நம்ப வேண்டாம். லெமன் யெலோவில் அல்ட்ராமரின் ஒரு துளி. அதுதான் மாரிப்போகத்து வட்டையின் நிறம்.

யெலோ ஓக்கரும் கட்மியம் ஹியூக்களும் ஒளி புகாத பக்கம் சாய்பவை. மேலே பூசினால் கீழிருக்கும் படலங்களை மூடி, படம் சேறாகும். அவற்றுக்கு இடம் அடியில். செசான் முறையில் சேறு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த வரிசை பிசகுவதுதான். நிறங்களை அதிகம் கலப்பதால் வருவது அதற்கு அடுத்தது.

சைனீஸ் வைட் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. வெளிச்சத்தைப் பேப்பரே தருகிறபோது வெள்ளை வர்ணம் தெளிவைக் கெடுக்க மட்டும்தான் உதவும். அந்த வெள்ளைக் கட்டியை நெம்பி எடுத்துவிட்டு, வெறும் ஹாவ் பான் ஒன்றில் பிரஷ்ஷியன் புளூ நிரப்புங்கள். அதே வரிசையில் 8 மி.லீ. ரியூப்பாகக் கிடைக்கும், செசானின் எண்ணெய்த் தட்டிலும் அந்த நீலம் இருந்தது. ஒரேயடியாக நிரப்பினால் காயும்போது நடுவில் வெடித்துக் கழன்று விழும். மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, அடுத்த பங்கு. கடைசியில் ஈர்க்கால் மூலைகளை அழுத்திவிட வேண்டும்.

பெட்டியோடு வரும் பிரஷ் குறிப்பெடுக்க மட்டும். நல்ல செயற்கை மயிரில் வட்ட பிரஷ் 8ஆம், 12ஆம் இலக்கம் இரண்டு போதும். நுனி கூராகச் சேர்கிறதா என்று கடையிலேயே தண்ணீரில் நனைத்து உதறிப் பாருங்கள். மூடியில் உள்ள கலவைக் குழிகளும் சின்னவை; வானத்துக்கு வேண்டிய பூச்சை அதில் கரைக்க இடம் போதாது. வெள்ளைப் பீங்கான் சோசர் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் தீர்ந்தது.

இனிப் பேப்பர். இங்குள்ள புத்தகக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 150 முதல் 200 கிராம் (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை) மரக்கூழ்ப் பேப்பர். ஒரு தடவை பூசி முடிக்கிற படத்துக்கு அது சரி. படலம் வைத்தால் இரண்டாவது பூச்சு முதலாவதைக் கரைத்துத் தூக்கும், மூன்றாவதில் மேற்பரப்பு நூல் நூலாக உருளும், தாள் மேடும் பள்ளமுமாக நெளிந்து பள்ளத்தில் வர்ணம் தேங்கும். 300 கிராம் மரக்கூழ்ப் பேப்பர் அவ்வளவாக நெளியாது, ஆனால் தூக்கும் குறை அதிலும் உண்டு. 300 கிராம் நூறு வீதப் பருத்திப் பேப்பர்தான் ஐந்தாறு படலத்தைத் தாங்கும். காரணம் பருத்தியின் நீண்ட நாரும், அதற்கு ஏற்றியிருக்கும் பசையும். ஆர்ஷ் போன்ற பேப்பர்களில் தாளை ஜெலற்றின் கரைசலில் தோய்த்தெடுக்கிறார்கள். அந்தப் பசை வர்ணத்தை மேலேயே பிடித்து வைத்து, மெதுவாக உள்ளே விடும். நிறம் ஒளிர்வது அதனால்தான்.

விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம். முழுத் தாள் 56 × 76 செ.மீ. அதை எட்டாக வெட்டினால் 28 × 19 செ.மீ. துண்டுகள் எட்டு. இரண்டு பக்கமும் பாவிக்கலாம். பதினாறு படிப்புப் படங்கள். மலிவுக் கொப்பி இரண்டு வாங்குவதை விட இது பிரயோசனம். வெட்டும்போது கத்தி வேண்டாம்: மடித்து, மடிப்பை விரல் நகத்தால் அழுத்தி, மறுபக்கமும் மடித்து, அடிமட்டத்தை வைத்துக் கிழித்தால் ஓரம் சுத்தமாக வரும். கொழும்பில் இருந்து எடுப்பிக்கிறவர்கள் சுருட்டி அனுப்ப விடாதீர்கள். இரண்டு ஹார்ட்போர்ட்டுக்கு நடுவில் தட்டையாக, வெளியே பொலித்தீன் சுற்றி அனுப்பச் சொல்ல வேண்டும். மாரி காலத்தில் சுருளாக வந்த தாள் ஓரத்தில் ஈரம் குடித்திருக்கும்.

ஜெலற்றினுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது எங்கள் கரையோரத்தைச் சரியாகத் தாக்கும். ஈரக்காற்றில் மாதக்கணக்காகத் திறந்து கிடந்தால் பசையில் பூஞ்சணம் பிடித்து இடையிடையே செத்துவிடும். கண்ணுக்குத் தாள் புதிது போலவே தெரியும். பூசிய பிறகுதான் கறுத்த புள்ளிகள் எழும்பும். அந்த இடத்தில் வர்ணம் நேரே நாருக்குள் இறங்கியிருக்கும். ஆகவே வரையத் தொடங்க முன், ஓரத் துண்டு ஒன்றில் சுத்தத் தண்ணீர் பூசி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். எங்கும் ஒரே மினுக்கம் என்றால் தாள் நல்லது. மங்கிய புள்ளிகள் உடனே தோன்றினால் பசை போய்விட்டது. அந்தத் தாளைப் பென்சில் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், படலத்துக்கு எடுக்க வேண்டாம். வாங்கிய அன்றே ஸிப் பூட்டுள்ள பொலித்தீன் உறைக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, சுவரில் சாயாமல் அலமாரியில் படுக்கையாக வைப்பது நல்லது. பிஸ்கட், மருந்துப் போத்தல்களோடு வருகிற பைகளே போதும், ஆனால் மாரியில் அவற்றை மாற்ற வேண்டும்.

காலநிலை இந்த வேலையை இரண்டு விதமாகச் சோதிக்கும். ஆனி, ஆடியில் வறண்ட கச்சான் காற்று வீசும்போது சின்னத் திட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். செசான் முறைக்கு அது வரப்பிரசாதம்: அடுத்த படலத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வானம், நீர்ப்பரப்பு போன்ற பெரிய பூச்சில்தான் சிக்கல். பிரஷ் மறுமுனைக்குப் போக முன் தொடங்கிய ஓரம் காய்ந்து கோடு விழும். 100 மி.லீ. தண்ணீருக்கு இரண்டு துளி கிளிசரின் விட்டால் தாமதிக்கும். அதே தண்ணீரை மார்கழியில் பாவித்தால் படம் நாட்கணக்காகப் பிசுபிசுக்கும். மாரியில் ஒரு படலம் காய இருபது நிமிடமும் போகலாம். அவசரப்பட்டு மேலே பூசினால் கீழ்ப்படலம் கரைந்து பூக்கோசு போல விளிம்பு விரியும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம். இரண்டு பலகையில் இரண்டு படம் தொடங்கி மாறி மாறிச் செய்வதுதான் மாரிக்கு ஏற்ற வழி.

வாவித் தண்ணீரில் பிரஷ் கழுவ வேண்டாம். அது உவர். உப்பு பேப்பரில் படிந்தால் நிறத்தைத் திட்டுத் திட்டாக்கும். காய்ந்த பிறகும் காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரும்பு கலந்த கிணற்று நீரும் மஞ்சள் கறை விடும். வீட்டில் இருந்து வடிகட்டிய தண்ணீர் இரண்டு போத்தல், ஒன்று கழுவ, ஒன்று கலக்க. பெட்டி பிளாஸ்ரிக்காக இருப்பதை இந்த ஊரில் குறையாக நினைக்கக் கூடாது; கரைக்காற்றுக்குத் தகரப் பெட்டியின் கீல் துருப்பிடித்துவிடும்.

இருக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். காலையில் கல்லடிப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகில். எதிர்க்கரை முழுவதும் நிழலில்லாத தட்டை வெளிச்சம். நிழலில் தொடங்குகிற முறைக்கு அது உதவாது. வாவி தெற்கு வடக்காகக் கிடப்பதால், அதன் போக்கிலேயே பார்த்து உட்கார்ந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும். ஏழு மணிக்கும் ஒன்பதுக்கும் இடையில் கண்டலும் தோணியும் நிழல் பக்கம், வெயில் பக்கம் என்று தெளிவாகப் பிரியும். மாலையில் எழுவான்கரையில் (கிழக்குக் கரையில்) இருந்து படுவான்கரையை (மேற்குக் கரையை) பார்த்தால் எல்லாம் கறுத்த உருவங்கள். இரண்டு படலத்திலேயே படம் முடிந்துவிடும், கற்பதற்கு அதிகம் இல்லை. பலகை எப்போதும் நிழலில் இருக்கட்டும். வெயில் விழும் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைத்து, தேவைக்கு மேல் கறுப்பாகப் பூசவைக்கும்; வீட்டுக்குள் கொண்டுவந்தால் படம் இருண்டு கிடக்கும்.

முதற் பயிற்சிக்குக் குடும்பிமலையைவிட நல்ல பொருள் இல்லை. HB பென்சிலால் மலையின் விளிம்பு, வட்டையின் வரம்புகள், ஒரு மரம், அவ்வளவுதான் கோடு. 5 மி.லீ. தண்ணீரில் அல்ட்ராமரினும் சியன்னாத் துளியும் கரைத்து, மலையின் நிழல்பக்கத்தில் 2 செ.மீ. அகலத் திட்டுகள் மூன்று நான்கு. காயட்டும். அடுத்தது அலிசரின் கலந்த நீலம், முதல் திட்டைப் பாதி மூடி, பாதி வெளியே. காய்ந்த பின் வெயில்பக்கத்துக்கு மிக மெல்லிய ஓக்கர், பேப்பரைத் தொடாத இடம் விட்டு. பிரஷ்ஷியன் நீலம் வட்டையின் அருகிலுள்ள மரநிழலுக்கு மட்டும். மலைக்குப் போட்டால் மலை முன்னால் வந்துவிடும். செசானின் மலைகள் தூரத்தில் நின்றுகொண்டே கனமாக இருப்பதற்குக் காரணம், அவர் விளிம்பை ஒரே கோட்டில் மூடாமல் பல இடத்தில் திறந்து விடுவது. விளிம்பைச் சுற்றி அழுத்தி வரைந்தால் மலை வெட்டி ஒட்டிய அட்டையாகிவிடும்.

அவர் இந்த வேலையைக் கடைசிவரை வெளியில்தான் செய்தார். எக்ஸுக்கு மேலே லெ லோவ் மேட்டில் 1902இல் கட்டி முடித்த பட்டறையில் இருந்து நடந்துபோய் மலையைப் பார்க்க உட்காருவார். நீரிழிவு உடம்போடு 1906 ஒக்டோபர் நடுவில் மழையில் மாட்டி விழுந்தார். ஒரு கிழமைக்குள் இறந்தார். அடுத்த வருடம் பாரிசின் இலையுதிர்கால சலோன் அவருக்கு நினைவுக் கண்காட்சி வைத்தது. பிக்காசோ, பிராக் தலைமுறை அவரிடம் பாடம் எடுத்தது அதைச் சுற்றித்தான்.

வரைந்து முடித்ததும் பெட்டியை மூடிவிட வேண்டாம். ஈரமான வர்ணக் கட்டிகளை மூடினால் இரண்டு நாளில் மேலே வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும். மின்விசிறிக்குக் கீழே இரவு முழுவதும் திறந்து வைத்து, காலையில் மூடுங்கள். பூஞ்சணம் பிடித்துவிட்டால் மேற்படையை ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் காயவைக்கலாம். நாற்றம் போகாத கட்டியை எறிவதுதான் சரி.

சட்டம் போடும்போது கடைக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை வைத்து குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மாரியில் கண்ணாடியின் உட்பக்கம் வியர்த்து பேப்பர் அதில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் ஹார்ட்போர்ட்டை நேரே படத்தின் முதுகில் அழுத்தாமல் அமிலமற்ற தாள் ஒன்றை இடையில் வைக்கச் சொல்லுங்கள். ஹார்ட்போர்ட்டின் பழுப்பு சில வருடத்தில் பேப்பருக்கு ஏறும். படத்தை வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டி, சட்டத்தின் கீழ் இரு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்றுப் போகும்.